ஸ்வீடன் ஏரிக்காட்டில் 14 நாள்: தூளி கட்ட மரம், தூண்டில் போட அட்டை

கேள்வி இது: ஜெர்மனியில் இருக்கும் குடும்பம். அப்பா, அம்மா, 12 வயது மகன், 8 வயது மகள். சொந்தக் கார் இருக்கிறது. ஜூலைக் கடைசியில் 14 நாள் விடுமுறை. ஸ்வீடன் வழியாக நார்வேயின் லோஃபோட்டன் தீவுகள் வரை ஓட்டிப்போய், வழியெல்லாம் மரங்களுக்கு நடுவே ஹம்மாக் என்கிற துணித் தூளி கட்டித் தூங்கி, மீன் பிடித்துச் சமைத்துச் சாப்பிட்டுத் திரும்ப வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

லோஃபோட்டனைத் திட்டத்திலிருந்து நீக்குவதில் தொடங்குங்கள். ஸ்வீடனின் கோதன்பர்க் துறைமுகத்தில் இறங்கினால் அங்கிருந்து லோஃபோட்டன் 1,500 கிலோமீட்டருக்கு மேல். போக மூன்று நாள், வர மூன்று நாள் காரிலேயே போய்விடும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த ஆறு நாளில் நினைவிருக்கப் போவது பின்சீட்டும் பெட்ரோல் பங்க் கழிப்பறையும்தான். தூரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய சிக்கல் அங்கே மரம் இல்லாதது. லோஃபோட்டன் என்றால் பாறை, புல், கடல். ஒரு தூளியைத் தாங்குகிற கனத்தில், சரியான இடைவெளியில், இரண்டு மரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். நாலு பேருக்கு நாலு தூளி கட்டக் கிடைக்காது. நார்வே மலைமேட்டிலும் இதே கதைதான். ஓர் உயரத்துக்கு மேல் இடுப்பளவு பிர்ச் புதர் மட்டுமே நிற்கும். கூடாரத்தோடு போகிறவர் காட்சியைப் பார்த்து இடம் தேடலாம். தூளியோடு போகிறவர் மரத்தைப் பார்த்துத்தான் தேட வேண்டும். வெளிநாட்டுத் தூளிப் பயணங்கள் பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான். வரைபடத்தில் அழகாகத் தெரிகிற ஊரைக் குறித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம், அங்கே என்ன முளைத்திருக்கிறது என்று பார்ப்பதில்லை.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது ஸ்வீடனின் மேற்கில் டால்ஸ்லாண்ட், அதன் வடக்கே வெர்ம்லாண்டின் தென்மேற்கு மூலை. பைன், ஸ்ப்ரூஸ் காடு. காட்டுக்குள் நீளநீளமான ஏரிகள். கோதன்பர்கிலிருந்து இரண்டு மூன்று மணி நேர ஓட்டம். ஆறு கோடை நாங்கள் பிள்ளைகளோடு அங்கே போயிருக்கிறோம். இரண்டாம் கோடையில் ஆசைப்பட்டு 12 நாளில் ஒன்பது இடம் மாறினோம். இன்றுவரை வீட்டில் அதற்குப் பெயர் ‘மூட்டை கட்டின வருஷம்’. அதற்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டோம்: ஓரிடத்தில் மூன்று இரவுக்குக் குறையக்கூடாது. வந்த அன்று கட்டுகிறோம், மறுநாள் ஏரியைப் படிக்கிறோம். மூன்றாம் நாள்தான் மீன் வாய்க்கிறது.

வடக்கு ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து கோதன்பர்குக்கு இரவுக் கப்பல் இருக்கிறது. மாலையில் ஏறினால் ஏறத்தாழ 14 மணி நேரத்தில், மறுநாள் காலை இறங்கலாம். ஜெர்மனியின் புட்கார்டனிலிருந்து டென்மார்க்கின் ரோட்பிக்கு 45 நிமிடக் கப்பல் பிடித்து, டென்மார்க்கைக் கடந்து, 2000-இல் திறந்த ஓரெசுண்ட் பாலம் வழியாக மால்மோவுக்கு ஓட்டுவது இன்னொரு வழி. அதில் ஒரு முழுநாளும் உங்கள் முதுகும் போகும். ஆகவே கீல் கப்பலிலேயே கேபின் எடுங்கள். இடம் ஜூலையில் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் மற்ற எதையும்விட முன்னால் பதிவு செய்ய வேண்டியது இதுதான்.

கோதன்பர்கில் இறங்கியதும் ஈ45 சாலையைப் பிடித்து வடக்கே போனால் வேனர்ன் ஏரிக்கரையில் மெல்லெருட் வரும். முதல் இரண்டு இரவு அங்கே ஒரு முறையான கேம்பிங்கில், முடிந்தால் சின்ன மரக்குடிலில் தங்குங்கள். மூன்றிரவு விதிக்கு இது விலக்கு. கடையில் சாமான் வாங்கவும், தூளிகளைப் பிரித்துச் சரிபார்க்கவும், பிள்ளைகள் மணற்கரையில் ஆடவும் அந்த நேரம் தேவைப்படும். அடுத்து ஹோவெருட் வழியாக வடக்கே கிளாஸ்கூகன் இயற்கைக் காப்பகம், மூன்று அல்லது நான்கு இரவு. பிறகு தெற்கே இறங்கி லெலாங் அல்லது ஸ்டூரா லே ஏரிக்கரையில் நான்கு இரவு. எட் என்ற சிற்றூர் பக்கத்தில் வரும். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நார்வேயின் ஹால்டன். 1718-இல் ஸ்வீடன் அரசன் பன்னிரண்டாம் கார்ல் சுடப்பட்டு இறந்த ஃபிரெட்ரிக்ஸ்டன் கோட்டை அங்கேதான் இருக்கிறது. ‘நார்வே போனோம்’ என்று பிள்ளைகள் சொல்லிக்கொள்ள அந்த ஒரு பகல் போதும். கடைசி இரண்டு மூன்று இரவை பூஹுஸ்லேன் கடற்கரையில், மறுபடி குடிலில் கழியுங்கள். அந்தக் கரை முழுக்க வழுவழுப்பான கிரானைட் பாறை, தூளிக்கு ஆகாது.

ஹோவெருடில் இரண்டு மணி நேரம் நில்லுங்கள். நில்ஸ் எரிக்சன் என்ற பொறியாளர் வடிவமைத்து 1868-இல் திறந்த டால்ஸ்லாண்ட் கால்வாய், அங்கே ஓர் அருவிக்கு மேலே எஃகுத் தொட்டியில் கடந்து போகிறது. நீளம் 32.5 மீட்டர். ஆயிரக்கணக்கான ஆணிகளால் அறைந்த அந்தத் தொட்டிக்குள் படகு மிதந்து போக, அடியில் அருவி இரைந்து ஓடும். மீனுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான். ஆனாலும் எங்கள் மகன் அந்த வருடம் பார்த்ததில் அதைத்தான் இன்றும் வரைகிறான்.

இனிச் சட்டம். ஸ்வீடனில் அல்லெமான்ஸ்ரெட்டன் என்று ஒன்று உண்டு. காடும் கரையும் யாருடையதாக இருந்தாலும் எவரும் நடக்கலாம், ஓரிரு இரவு தங்கலாம், பழம் பறிக்கலாம். 1994 முதல் அந்த நாட்டின் அரசியலமைப்பிலேயே அதற்கு இடமுண்டு. பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சுருக்கம்: தொந்தரவு செய்யாதே, பாழாக்காதே. வீட்டிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளித் தங்க வேண்டும் என்று ஸ்வீடன் எண் எதுவும் சொல்வதில்லை. வீட்டுக்காரர் கண்ணிலும் காதிலும் படாத தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நார்வேயில் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் 150 மீட்டர் என்றே எழுதிவைத்திருக்கிறது. ஒரே இடத்தில் கேட்காமல் தங்க இரண்டு இரவுதான். ஸ்வீடனிலும் ஓரிடத்தில் நாலைந்து இரவு நாலு தூளி கட்டுவதென்றால் நில உரிமையாளரைக் கேட்பதுதான் முறை. இல்லையென்றால் அதற்கென்றே அமைத்த இடத்தில் கட்டுங்கள்.

இந்த உரிமை காலுக்கு உண்டு, காருக்கு இல்லை. 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி சாலையை விட்டுக் காட்டுக்குள் வண்டி ஏற்றக்கூடாது. ஏரிக்கரைவரை காரைக் கொண்டுபோய், டிக்கியைத் திறந்து, பக்கத்திலேயே தூளி கட்டுவதாக மனதில் படம் வைத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்தத்திலிருந்து அரைக் கிலோமீட்டராவது சுமக்க வேண்டியிருக்கும். எடுத்துப்போகும் மொத்தச் சாமானையும் இரண்டு நடையில் சுமக்க முடிகிறதா என்று வீட்டு வாசலிலேயே பார்த்துவிடுங்கள். மூன்றாம் நடை தேவைப்பட்டால், அதில் தூக்க இருப்பதை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

தூண்டிலுக்கும் அந்த உரிமை இல்லை. இதைத்தான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கடற்கரையிலும் ஐந்து பெரிய ஏரிகளிலும் மட்டும் கைத்தூண்டில் எல்லோருக்கும் இலவசம்: வேனர்ன், வெட்டர்ன், மேலாரன், யெல்மாரன், யெம்ட்லாண்டில் இருக்கும் ஸ்டூர்ஷோன். மற்ற எல்லா நீருக்கும் ஃபிஸ்கேகூர்ட் என்ற மீன்பிடி அட்டை வேண்டும். அது நாட்டுக்கு ஒன்றில்லை. ஏரிக்கு ஒன்று, அல்லது சில ஏரிகள் சேர்ந்த சங்கத்துக்கு ஒன்று. நாள், வாரம், வருடம் என்று தருவார்கள்; ஐஃபிஸ்கே போன்ற செயலிகளில் வாங்கலாம், சுற்றுலா அலுவலகத்திலும் கேம்பிங் வரவேற்பறையிலும் கிடைக்கும். பல ஏரிகளில் பெற்றோர் அட்டையிலேயே பிள்ளைகளும் போடலாம். ஆனால் வயது வரம்பும் நாளைக்கு எத்தனை மீன் என்பதும் ஏரிக்கு ஏரி மாறும். அட்டை வாங்கும்போதே அந்த விதிகள் கூட வரும்; படிக்காமல் பையில் போடாதீர்கள்.

ஜெர்மனியில் இருக்கிற உங்களுக்கு இதில் ஒரு பெரிய விடுதலை இருக்கிறது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் பாடம் படித்துத் தேர்வு எழுதித்தான் மீன்பிடி உரிமம் வாங்க வேண்டும். ஸ்வீடனில் தேர்வே கிடையாது. அட்டைக்குக் காசு கட்டினால் பத்து நிமிடத்தில் உங்கள் மகள் கையில் தூண்டில் இருக்கும். வடக்கு ஜெர்மனி எண்பலகையோடு இத்தனை கார்கள் கோடையில் டால்ஸ்லாண்டில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

டால்ஸ்லாண்டிலும் நூர்ட்மார்க்கன் பகுதியிலும் ஏரிக்கரையோரம் இயற்கை முகாம் இடங்கள் வரிசையாக இருக்கின்றன. மூன்று பக்கம் அடைத்த மரக் குடிசை, கல் அடுப்பு, காட்டுக் கழிப்பறை. தோணிக்காரர்களுக்காக வந்தவை என்றாலும் சிலவற்றுக்கு நடந்தும் போகலாம். அங்கே இரவு தங்க, பராமரிப்புக்காக விற்கும் ஓர் அட்டையை ஆளுக்கொன்று வாங்க வேண்டும். கிளாஸ்கூகனுக்கும் தனி அட்டை உண்டு. லெனுங்ஸ்ஹம்மாரில் இருக்கும் அலுவலகத்தில் தங்கும் அட்டை, மீன் அட்டை இரண்டையும் சேர்த்தே முடித்துவிடலாம். குடும்பத்தோடு போகிறவர் இந்த முகாம் இடங்களையே நம்புவது நல்லது என்பது என் கட்சி. நள்ளிரவில் மழை கொட்டினால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடிப் படுக்க ஒரு கூரை பக்கத்தில் இருக்கும். வண்டியில் ஒரு சின்னக் கூடாரமும் கிடக்கட்டும். எட்டு வயதுக்காரி மூன்றாம் இரவில் ‘எனக்குத் தரையில்தான் தூக்கம் வரும்’ என்று சொல்லிவிட்டால், அவளோடு வாதாடிக்கொண்டு நிற்க முடியாது.

தூளிக்கு வருகிறேன். வீட்டு உத்தரத்தில் புடவையில் கட்டுகிற தூளி குழந்தையை வளைத்துச் சுருட்டிக்கொள்ளும். குழந்தைக்கு அது சுகம். பெரியவர் முதுகு எட்டு மணி நேரம் அந்த வளைவில் கிடந்தால் காலையில் நிமிராது. ஹம்மாக்கில் தட்டையாகப் படுக்க, அதை இறுக்கிக் கட்டக்கூடாது, தொய்வாகக் கட்டிக் குறுக்காகப் படுக்க வேண்டும். தலை ஒரு ஓரம், கால் எதிர் ஓரம். புதிதாகக் கட்டும் எல்லோரும், நான் உட்பட, முதலில் கட்டில்போல் வரட்டும் என்று இழுத்து இறுக்குகிறோம். அப்போது என்ன நடக்கிறதென்று கணக்கைப் பாருங்கள். தூளியை மரத்தோடு பிணைக்கும் நாடாப் பட்டை கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால் 80 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பட்டையிலும் 80 கிலோ இழுவிசைதான் வரும். அதையே 10 பாகைக்கு இறுக்கினால் 230 கிலோ. பட்டை, கொக்கி, மரம் மூன்றும் அதைத் தாங்க வேண்டும். துணியின் இரு ஓரமும் விறைத்து உங்கள் தோளை நெருக்கும். தொய்வு ஒவ்வொரு முறையும் ஒரேமாதிரி வர, தூளியின் இரு முனைக்கும் இடையே மேலே ஒரு மெல்லிய கயிறு கட்டிவிடுவார்கள். நீளம் துணி நீளத்தில் 83 விழுக்காடு அளவு. 3.3 மீட்டர் துணியென்றால் 2.75 மீட்டர் கயிறு. கொசுவலையையும் அதிலேயே தொங்கவிடலாம்.

மரங்களுக்கு இடையே நாலைந்து மீட்டர். மரம் உயிரோடு, குறைந்தது உங்கள் தொடைக் கனத்தில் இருக்க வேண்டும். கயிற்றை நேராகச் சுற்றினால் மரத்தின் தோல் உரியும். இரண்டரை சென்டிமீட்டராவது அகலமுள்ள நாடாப் பட்டைதான் சுற்ற வேண்டும். கட்டுவதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். 2018-இன் கொடும் வறட்சிக்குப் பிறகு தெற்கு ஸ்வீடனில் மரப்பட்டை வண்டு தின்று செத்த ஸ்ப்ரூஸ் மரங்கள் ஏராளம். ஊசியிலை உதிர்ந்து, உச்சி சாம்பல் நிறமாக, நிமிர்ந்து நிற்கும். காற்றில்லாத இரவிலும் கிளையை உதிர்க்கக்கூடியவை அவை. அப்படி ஒன்று பக்கத்தில் நின்றால், அந்த ஏரி எவ்வளவு அழகாக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

நாலு பேர் என்றால் எனக்குப் பிடித்த அமைப்பு இது. கனமான ஒரு பைன் மரத்தைத் தேர்ந்து, அம்மாவுக்கும் மகளுக்கும் தலைமாடு அதே மரத்தில், கால்மாடு வேறு வேறு மரத்தில். வி வடிவில் விரியும். கை நீட்டினால் மகள் தலையைத் தொடலாம். புரண்டால் இடித்துக்கொள்ள மாட்டார்கள். அப்பாவும் மகனும் இன்னொரு வி. பிள்ளைகளின் தூளி உங்கள் முழங்காலுக்கு மேலே போகவேண்டாம். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய படங்கள் இணையத்தில் நிறைய உண்டு. பார்த்து ரசித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

முதல் கோடையில் மழை எங்களுக்கு ஒரு பாடம் நடத்தியது. தார்ப்பாயை நன்றாகத்தான் கட்டியிருந்தேன், மேலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு மகன் ‘அப்பா, முதுகு ஈரம்’ என்றான். டார்ச் அடித்துப் பார்த்தால், மரத்தண்டில் வழிந்த மழை, நாடாப் பட்டை வழியாகச் சாவகாசமாக இறங்கி, தார்ப்பாய்க்கு அடியில் நுழைந்து, தூளியின் கால்மாட்டில் சொட்டாமல் ஊறிக்கொண்டிருந்தது. தீர்வு ஒரு சாண் நூல்தான். தார்ப்பாய் நிழலுக்குள் வந்தபின், தூளிக்குச் சற்று முன்னால், பட்டையில் ஒரு பருத்தி நூலை முடிந்து தொங்கவிட்டால், வருகிற நீர் அந்த நூலைப் பிடித்து இறங்கிவிடும். இரண்டு பக்கமும் கட்ட வேண்டும்.

குளிரும் அப்படித்தான், கீழிருந்து வரும். ஜூலையில் பகல் இருபதைத் தாண்டினாலும் இரவு 10 டிகிரி செல்சியஸுக்கு வரும். தெளிந்த வானமென்றால் இன்னும் குறையும். தூக்கப்பையின் அடிப்பக்கம் உடல் எடையில் நசுங்கி, சூட்டைப் பிடித்துவைக்கும் காற்று போய்விடும். அடியில் ஏரிக்காற்று வீசும். ஆகவே தூளிக்கு வெளியே, அடியில் தொங்குகிற அடிப்போர்வை வேண்டும். நாலு பேருக்கும் வாங்குவது செலவு. பெரியவர்கள் அதை எடுத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு நுரைப்பாய் விரித்தால் போதும் என்று நினைத்தோம். நுரைப்பாய் வழுக்கி வழுக்கி விடியும்போது தரையில் கிடந்தது. அடிப்போர்வையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, நுரைப்பாயோடு போராடுவதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கொசுவலை மிக நுண்ணிய கண்ணியாக இருக்கட்டும். கொசு போக, க்னொட் என்கிற கடுகளவுப் பூச்சி ஒன்று உண்டு. சாதாரண வலையில் அது நடந்தே உள்ளே வரும். கொசுத் தொல்லை ஜூனிலும் ஜூலையிலும் உச்சம். ஜூலைக் கடைசி என்ற உங்கள் தேதியை ஆகஸ்ட் முதல் பாதிக்குத் தள்ள முடிந்தால் கொசு குறைவு, கூட்டமும் குறைவு. காட்டில் புளூபெர்ரி இருக்கும், இரவும் இரவுபோல் இருட்டும். ஜூலைத் தொடக்கத்தில் பத்து மணிக்கும் வெளிச்சம் போகாது. பிள்ளைகளைத் தூங்கவைக்கிற பாடு உங்களுடையது.

மீனில் பிள்ளைகளுக்கு ஏற்றது பெர்ச். ஸ்வீடன்காரர் அபொரெ என்பார்கள். பச்சை உடம்பில் கருங்கோடு, சிவந்த அடித்துடுப்பு. இதற்கு ரீல்கூட வேண்டாம். நாலு மீட்டர் கோல், மெல்லிய தூண்டில் நரம்பு, ஒரு தக்கை, சின்ன ஈயக்குண்டு, எட்டாம் எண் தூண்டில் முள், மண்புழு. அல்லியிலை முடிந்து நீர் கருக்கிற விளிம்பு எங்கே என்று பாருங்கள். அங்கே ஒன்றரை மீட்டர் ஆழத்தில் புழு தொங்க வேண்டும். பெர்ச் கடித்தால் தக்கை உடனே அமிழாது. இரண்டு மூன்று முறை துள்ளும், நிற்கும், பிறகு பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே உள்ளே போகும். அந்தப் பக்க நகர்வுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுங்கள். துள்ளும்போதே வெடுக்கென்று இழுப்பதால்தான் பிள்ளைகள் பாதி மீனை விடுகிறார்கள். ஒன்று கிடைத்தால் கூட்டமே அங்கே இருக்கும், இடம் மாறாதீர்கள். எடுக்கும்போது கையை நனைத்துக்கொண்டு, தலையிலிருந்து வாலை நோக்கித் தடவிப் பிடிக்க வேண்டும். முதுகுத்துடுப்பின் முள் நிமிர்ந்திருக்கும்போது மேலிருந்து அமுக்கினால் ரத்தம்தான்.

மகனுக்கு ரீலும், ஸ்பின்னர் என்கிற சின்னச் சுழல் போலி இரையும் கொடுக்கலாம். ஆனால் அதே அல்லியிலை விளிம்பில் பைக் என்கிற பெரிய பல்லுக்கார மீனும் பதுங்கியிருக்கும். நரம்பின் முனையில் எஃகுக் கம்பி முன்துண்டு இல்லாவிட்டால் கடித்து அறுத்துக்கொண்டு, முள்ளோடு போய்விடும். அந்த முள் மீன் வாயிலேயே இருக்கும். நீண்ட மூக்குக் குறடு ஒன்று கட்டாயம் வேண்டும். பைக் வாய்க்குள் விரல் விடாதீர்கள், இரண்டு கிலோ மீனானாலும். சதைக்குள் ஒய் வடிவ முட்கள் நிறைந்த மீன்; முள்ளெடுத்துத் தின்னப் பழகியவருக்கு அது பொருட்டில்லை. பெர்ச்சைச் செதில் சுரண்ட உட்காராமல், இருபுறமும் சதையை எடுத்துத் தோலை உரித்துவிடுங்கள். அதன் செதில் சிப்பி மாதிரி.

தின்பதில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். காட்டு ஏரி மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும். பெர்ச், பைக், சாண்டர் மூன்றையும் கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் குழந்தைக்கு முயல்கிறவர்களும் வருடத்துக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் சாப்பிட வேண்டாம் என்பது ஸ்வீடன் உணவுத் துறையின் அறிவுரை. மற்றவர்களுக்கு வாரம் ஒரு முறை. ஆக, மீனையே நம்பி 14 நாளும் சமைப்பதாகத் திட்டமிடாதீர்கள். பிடிக்கிறதில் பெரும்பாலானதைத் திருப்பி விடப் போகிறீர்கள் என்பதை மகளிடம் முன்பே பேசிவையுங்கள். வேனர்ன் ஏரியில் சால்மனோ டிரவுட்டோ சிக்கினால் முதுகுத்துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சின்னதாக ஒரு கொழுப்புத் துடுப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது இயற்கையில் பிறந்தது, உடனே விட்டுவிட வேண்டும். பண்ணையில் வளர்த்து விட்டதற்கு அந்தத் துடுப்பை வெட்டியிருப்பார்கள்.

ஓர் ஏரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது தூண்டில், வலைக்கூடை, காலணி எல்லாம் காய்ந்திருக்க வேண்டும். நன்னீர் நண்டுகளை அழிக்கிற, பூஞ்சை போன்ற கிருமியால் வரும் நோய் ஈரச் சாமானோடு பரவும். நார்வேக்காரர்களுக்கு இதில் இன்னும் பயம் அதிகம். சால்மன் குஞ்சுகளைக் கொல்லும் கிரோடாக்டிலஸ் என்ற ஒட்டுண்ணி 1970-களில் ஸ்வீடன் பக்கத்திலிருந்து வந்த மீன்குஞ்சுகளோடு நுழைந்து, ஆறு ஆறாக அவர்களுக்கு நட்டம் வைத்தது. ஹால்டன் போகிற பகலில் தூண்டிலை வண்டியிலேயே உலர்ந்தபடி விட்டுவிடுங்கள். நார்வேயில் கடலில் கைத்தூண்டில் போட அட்டை வேண்டாம்தான். ஆனால் பதிவுபெற்ற சுற்றுலா மீன்பிடி நிறுவனத்தின் ஆவணம் இல்லாமல் அந்த மீனை எல்லை தாண்டிக் கொண்டுவர முடியாது. கடைசி நாட்களில் பூஹுஸ்லேன் பாறையிலிருந்து ஸ்வீடன் கடலிலேயே கானாங்கெளுத்திக்கு வீசலாம், கோடையில் கரைக்குக் கிட்டே வரும். எந்த மீனுக்கு அப்போது தடை, என்ன அளவு என்பதை ‘ஸ்வென்ஸ்கா ஃபிஸ்கெரெக்லர்’ என்ற அரசுத் தளத்தில் அன்றே பார்த்துவிடுங்கள். கடலோரம் போனால் தானும்ஸ்ஹேடேயில் வெண்கலக் காலப் பாறைச் செதுக்கல்களைப் பார்க்காமல் வராதீர்கள். 1994 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னம். படகுகள் வரிசையாக, மூவாயிரம் வருடம் பழையவை.

அடுப்புக்கு எரிவாயுவையே நம்புங்கள். வறண்ட கோடையில் எல்ட்னிங்ஸ்ஃபோர்பூட் என்று தீ மூட்டத் தடை வரும். 2018-இல் காடுகள் எரிந்ததைப் பார்த்த ஊர், இதில் விளையாட்டுக்கு இடமில்லை. சாதாரணத் தடையில் எரிவாயு அடுப்புக்குப் பெரும்பாலும் அனுமதி உண்டு, கடுமையான தடையில் அதுவும் இல்லாமல் போகலாம். அன்றன்று நிலைமை பார்க்க ‘பிராண்ட்ரிஸ்க் ஊட்டே’ செயலி இருக்கிறது; 113 13 என்ற எண்ணிலும் கேட்கலாம். தடை இல்லாத நாளிலும் வெறும் பாறைமேல் தீ மூட்டாதீர்கள். சூட்டில் பாறை வெடித்துப் பிளந்து, அந்த வடு ஆறவே ஆறாது.

உண்ணி பற்றி உங்கள் மருத்துவரிடம் இப்போதே பேசுங்கள். மூளைக்காய்ச்சல் பரப்பும் உண்ணி வேனர்ன் சுற்றுவட்டாரத்தில் உண்டு. ஜெர்மனியில் எஃப்எஸ்எம்ஈ என்று சொல்லும் தடுப்பூசிக்கு முதல் இரண்டு தவணைக்கும் இடையே ஒன்றிலிருந்து மூன்று மாதம் வழக்கமாக விடுவார்கள். கிளம்புகிற வாரத்தில் நினைவு வந்து பயனில்லை. உண்ணி பரப்பும் இன்னொரு நோயான பொரேலியாவுக்குத் தடுப்பூசி இல்லாததால் தினமும் மாலை பிள்ளைகளின் அக்குள், முழங்கால் பின்புறம், காதின் பின்புறம் பார்த்து, இருந்தால் சாமணத்தால் நேராக இழுத்து எடுத்துவிட வேண்டும்.

சாலையில் சொல்ல அதிகமில்லை. விளக்கு பகலிலும் எரிய வேண்டும். ரத்தத்தில் மது வரம்பு 0.2 புரோமில் (ஆயிரத்தில் 0.2 பங்கு), ஜெர்மனியில் உள்ள 0.5 அல்ல, இரவு ஒரு பீர் குடித்தால் காலை வண்டியை எடுக்க யோசியுங்கள். கோதன்பர்க் நகருக்குள் நெரிசல் வரி உண்டு, காமிரா எண்ணைப் படித்து பில் வீட்டுக்கே வரும். அந்தி நேரத்தில் காட்டுச் சாலையில் ஓட்டாமல் இருக்கப் பாருங்கள். எல்க் என்கிற பெரிய மான் குதிரை உயரம். கால் கார் முகப்பில் மோதி உடம்பு கண்ணாடிமேல் விழும். மோதிவிட்டால் விலங்கு ஓடிவிட்டாலும் 112-க்குச் சொல்ல வேண்டும், அது சட்டம். பணத்துக்கு வங்கி அட்டை போதும். ஒரே எரிச்சல், முகாம் இடத்து விறகுப்பெட்டியிலோ சின்னப் படகுத்துறையிலோ சில நேரம் ஸ்விஷ் என்கிற கைபேசிப் பணச் செயலி வழியாக மட்டுமே வாங்குவார்கள். ஸ்வீடன் வங்கிக் கணக்கு இல்லாதவருக்கு அது வராது. பக்கத்தில் நிற்கும் யாரையாவது கட்டச்சொல்லி கையில் காசு கொடுத்திருக்கிறோம், யாரும் மறுத்ததில்லை.

இப்போது செய்ய வேண்டியது மூன்று: கப்பல், தடுப்பூசி, ஒத்திகை. ஒத்திகையை ஜெர்மன் காட்டில் வைக்க முடியாது, அனுமதியில்லை. தெரிந்தவர் தோட்டமோ பக்கத்து கேம்பிங்கோ பாருங்கள். மே மாதக் குளிரில் ஓர் இரவு, நாலு பேரும், தார்ப்பாய், நூல் எல்லாம் கட்டி. விடியற்காலை மூன்று மணிக்கு உங்கள் மகள் எழுந்து எங்கே ஈரம், எங்கே குளிர் என்று சொல்வாள். அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.